துன்பத்திற்குப் பொருள் கூறுவோரும் துன்புறுவோரும்: கிறித்தவ நோக்கில் ஓர் அறவியல் சிந்தனை

முன்னுரை

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கிறித்து பிறப்புப் பெருவிழாவிற்கு மறுநாள். அன்று காலை கரையேறிய ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. அவர்களுள் வேளாங்கண்ணித் திருத்தலத்தில் வழிபட வந்து கடற்கரையில் நின்றிருந்தோரும் பலர். ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன், 1755ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள், அனைத்துப் புனிதர் திருநாளன்று லிஸ்பன் நகரில் நிலம் நடுங்கியபோதும் ஆலயங்கள் வழிபடுவோரால் நிறைந்திருந்தன. வழிபட வந்தவர்களே மாண்டனர் என்பதே இவ்விரு நிகழ்வுகளையும் வெறும் இயற்கைப் பேரிடர்களாக மட்டும் கருதிக் கடந்துவிட இயலாதவாறு செய்கிறது. இரு காலங்களிலும் விளக்கங்களுக்குக் குறைவில்லை. பாவத்தின் தண்டனை என்றும், விசுவாசத்தின் சோதனை என்றும், மானிட அறிவிற்கெட்டாத திட்டம் என்றும் அவை பலவாறாக அமைந்தன.

துன்பத்திற்குப் பொருள் உண்டா என்பது மெய்யியலின் பழைய வினா. இக்கட்டுரை அவ்வினாவைச் சற்றே மாற்றிக் கேட்கிறது. துன்புறுபவரிடம் சென்று அவருடைய துன்பத்திற்குப் பொருள் கூறும் உரிமை பிறருக்கு உண்டா? இது அறிவு சார்ந்த வினாவாக மட்டும் நில்லாமல் அறம் சார்ந்த வினாவாகவும் அமைகிறது. இதனைக் கேட்பதற்கு எனக்குத் தனிப்பட்ட காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், தாயை இழந்து வகுப்பிற்குத் திரும்பிய மாணவி ஒருவரிடம், யாவும் ஒரு நன்மை கருதியே நிகழ்கின்றன என்னும் கருத்துப்படச் சில சொற்களைக் கூறினேன். அவர் தலையசைத்துவிட்டுச் சென்றார். அதன்பின் அவ்விழப்பைப் பற்றி என்னிடம் ஒருமுறையும் பேசவில்லை. அன்று நான் கூறியது தவறான கருத்தா, அன்றித் தவறான இடத்தில் கூறிய கருத்தா என்னும் ஐயமே இக்கட்டுரையின் தோற்றுவாய். கிறித்தவ மறைநூற் பகுதிகள் சிலவற்றையும் தமிழ் இலக்கியச் சான்றுகள் சிலவற்றையும் கொண்டு இதற்கு விடை காண முயல்வோம்.

அழுகையின் நிலைக்களன்களும் யோபுவும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களன்களாக நான்கினைச் சுட்டுகிறது. பிறரால் இகழப்பட்டு எளியராதல் இளிவு, உயிரையோ பொருளையோ இழத்தல் இழவு, முன்னைய நிலை கெட்டுத் தாழ்தல் அசைவு, இல்லாமை வறுமை. விவிலியத்தின் யோபு நூலை இந்நான்கினையும் அளவுகோலாகக் கொண்டு படிக்கும்போது, இதுகாறும் போதிய கவனம் பெறாத ஒரு செய்தி புலனாகிறது.

யோபுவின் கால்நடைகள் கவரப்படுகின்றன. ஏழு புதல்வரும் மூன்று புதல்வியரும் ஒரே நாளில் மாள்கின்றனர். இது இழவு. செல்வர் என ஊர் போற்றிய ஒருவர் ஏதுமற்றவராகிறார். இது வறுமை. நகர வாயிலில் முதியோரும் எழுந்து நின்று மதித்த அவர், உடலெங்கும் புண்ணோடு சாம்பலில் அமர்கிறார். இது அசைவு. நூலின் முதலிரண்டு அதிகாரங்களுக்குள் இம்மூன்றும் நிகழ்ந்து முடிகின்றன. நான்காவதாகிய இளிவு எங்கிருந்து வருகிறது? ஊராரின் ஏளனத்தையும் யோபு நொந்து பேசுகிறார் எனினும், நூலில் மிக விரிவாக இடம்பெறும் இளிவு அவருடைய நண்பர்களிடமிருந்தே வருகிறது.

எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் ஆகிய மூவரும் யோபுவின் நிலை கேட்டுத் தொலைவிலிருந்து வருகின்றனர். கண்டதும் கதறி அழுகின்றனர். ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் அமர்ந்திருக்கின்றனர். அவருடைய துயரம் மிகப் பெரிது எனக் கண்டு ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த ஏழு நாள்களும் அவர்கள் நல்ல நண்பர்களாகவே விளங்கினர். பேசத் தொடங்கிய பின்னரே பிறழ்ந்தனர். இறைவன் நீதியுள்ளவர், நீதியுள்ளவர் குற்றமற்றவரைத் தண்டியார், யோபு தண்டிக்கப்பட்டுள்ளார், ஆகவே யோபு குற்றமுடையவர். இதுவே அவர்களுடைய வாதத்தின் சாரம். தருக்க நெறியில் இதற்குக் குறை காண்பது எளிதன்று. ஆயினும் ஒரு மனிதர் தம் புதல்வரைப் புதைத்த துயரத்தோடு, அப்புதல்வரின் சாவுக்குத் தாமே காரணம் என்னும் பழியையும் சுமக்க வேண்டிய நிலையை அது உருவாக்கியது. இறைவனைக் காக்க அவர்கள் எடுத்த விளக்கம் நண்பருக்கு இளிவாக முடிந்தது. விளக்கமே துன்பத்தின் நான்காம் நிலைக்களனாகும் விந்தையை இந்நூல் நமக்குக் காட்டுகிறது.

நூலின் முடிவில் இறைவனின் தீர்ப்பு நண்பர்களுக்கு எதிராகவே அமைகிறது. இறைவனைப் பற்றிச் சரியானதைப் பேசியவர் யோபுவே, நண்பர்கள் அவ்வாறு பேசவில்லை என்று கூறப்படுகிறது. பக்தியோடு இறைவனுக்காக வாதிட்டோர் பிழைசெய்தோர் ஆகின்றனர். இறைவனையே வழக்கிற்கு அழைத்தவர் சரியாகப் பேசியவர் ஆகிறார். தமக்கு நேர்ந்ததன் காரணம் யோபுவுக்கு இறுதிவரை கூறப்படவில்லை என்பதும், நூலின் தொடக்கத்தில் விண்ணவையில் நிகழ்ந்த உரையாடலைப் படிப்போர் அறிவர், அவர் அறியார் என்பதும் கருதத்தக்கன. மேலும், இறுதியில் அவருடைய கால்நடைகள் இரு மடங்காகின்றன. புதல்வரோ மீண்டும் அதே எண்ணிக்கையில் பிறக்கின்றனர். மாண்ட பதின்மர் திரும்பவில்லை. ஈடு செய்ய இயலாதன உண்டு என்பதை நூல் மறைக்க முயலவில்லை.

இவ்விடத்துச் சிலப்பதிகாரத்தை ஒப்புநோக்கலாம். கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கோவலன் கொலையுண்டதற்குரிய முற்பிறவிக் காரணத்தைக் கண்ணகிக்கு எடுத்துரைக்கிறது. யோபுவுக்கு மறுக்கப்பட்ட விளக்கம் கண்ணகிக்குக் கிட்டுகிறது. ஆயினும் அவள் அமைதி கொண்டாள் என்று இளங்கோவடிகள் பாடவில்லை. ஓரிடத்தும் தங்காமல் மேற்கு நோக்கி நடந்தாள் என்றே காட்டுகிறார். யோபு நூலின் இறைக்கோட்பாடும் சிலம்பின் ஊழ்க்கோட்பாடும் ஒன்றல்ல. எனினும் காரணம் அறிதல் வேறு, ஆறுதல் பெறுதல் வேறு என்னும் உண்மையில் இரு பனுவல்களும் உடன்படுகின்றன.

புலம்பல் நூலின் அமைப்பு

விளக்கம் ஆறுதல் ஆகாதெனின், நம்பிக்கைக்கு இடம் எது? விவிலியத்தின் புலம்பல் நூல் தன் அமைப்பாலேயே இவ்வினாவிற்கு விடை தருகிறது. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் எருசலேம் அழிந்ததைப் பாடும் இந்நூல் ஐந்து அதிகாரங்களை உடையது. முதல் நான்கும் எபிரேய நெடுங்கணக்கின் இருபத்திரண்டு எழுத்துகளை வரிசையாகக் கொண்டு தொடங்கும் பாடல்கள். மூன்றாம் அதிகாரத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்று அடிகள் வீதம் அறுபத்தாறு அடிகள் உள்ளன. அகரவரிசையில் அறம் உரைக்கும் ஆத்திசூடியை அறிந்த தமிழருக்கு இவ்வமைப்புப் புதிதன்று. எனினும் நினைவிற் கொள்வதற்காக ஔவையார் கையாண்ட முறையை எபிரேயப் புலவர் அழுகைக்குக் கையாள்கிறார். சிதறிப்போன வாழ்வுக்கு எழுத்துகளின் ஒழுங்கேனும் ஒரு கரையாக நிற்கிறது எனலாம்.

இந்நூலில் இறைவனின் இரக்கம் காலைதோறும் புதிதாகிறது என்னும் நம்பிக்கைக் கூற்று இடம்பெறுவது மூன்றாம் அதிகாரத்தில், அதாவது நூலின் நடுப்பகுதியில். அதற்கு முன்னும் அழுகை, பின்னும் அழுகை. ஐந்தாம் அதிகாரத்திலும் அடிகள் இருபத்திரண்டே. ஆனால் எழுத்து வரிசை அங்கே இல்லை. நூல் நன்றியுரையோடு முடியவுமில்லை. இறைவன் தம்மை முற்றிலும் தள்ளிவிட்டாரோ என்னும் ஏக்கத்தோடே நின்றுவிடுகிறது. நம்பிக்கை என்பது அழுகை ஓய்ந்த பின் வரும் நிலை என்று நாம் பொதுவாகக் கருதுகிறோம். அழுகையின் நடுவிலும் அது நிலவ இயலும் என்பதையும், அது நிலவுவதால் அழுகை நின்றுவிட வேண்டியதில்லை என்பதையும் புலம்பல் நூல் உணர்த்துகிறது. தமிழ்ப் புறத்திணை மரபு கையறுநிலையைத் தனித்துறையாகப் போற்றியது. அத்துறைப் பாடல்கள் ஆறுதல் கூறி முடிவதைக் கடமையாகக் கொள்ளவில்லை. துயரத்தைத் துயரமாகவே நிறுத்திப் பாடுதற்கு இரு மரபுகளும் இடம் தந்தன. வேறுபாடு யாதெனின், எபிரேயப் புலம்பல் இறைவனை முன்னிலைப்படுத்திப் பேசுகிறது. கேட்பவர் ஒருவர் உளர் என நம்பாதவர் முறையிடார். ஆதலின் அம்முறையீடே நம்பிக்கையின் ஒரு வடிவம் ஆகிறது.

சிலுவையும் வடுவும்

புதிய ஏற்பாட்டில் இயேசு துன்பத்தை எதிர்கொள்ளும் முறையும் இதனோடு இயைகிறது. பிறவிக் குருடர் ஒருவரைக் கண்ட சீடர்கள், இதற்குக் காரணமான பாவம் இவருடையதா, இவர் பெற்றோருடையதா என வினவுகின்றனர். அவ்வினாவின் அடிப்படையையே இயேசு ஏற்க மறுக்கிறார். பின்னர் அம்மனிதருக்குப் பார்வை அளிக்கிறார். நண்பர் இலாசரின் கல்லறைக்குச் சென்றபோது, அவரை எழுப்பப் போவதை அறிந்திருந்தும் அழுகிறார். முடிவு நன்றாகும் என்னும் அறிவு கண்ணீரைத் தேவையற்றதாக்கவில்லை. கெத்செமனேத் தோட்டத்தில் துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு நீங்குமாறு வேண்டுகிறார். சிலுவையில், தாம் கைவிடப்பட்டதன் காரணத்தை இறைவனிடமே வினவும் இருபத்திரண்டாம் சங்கீதத்தின் தொடக்கத்தை எடுத்துக் கதறியதாக மாற்கு எழுதுகிறார்.

செருமானிய இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் (1926–2024) வாழ்வில் இக்கதறல் ஒரு திருப்பமாக அமைந்தது. 1943இல் ஹாம்பர்க் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது, பதின்பருவத்தினராக இருந்த அவர் அருகே நின்ற நண்பர் மாண்டார், அவர் பிழைத்தார். பின்னர் போர்க்கைதியாக இருந்த காலத்தில் தமக்குக் கிடைத்த விவிலியத்தில் முறையீட்டுச் சங்கீதங்களையும் மாற்கு நற்செய்தியையும் படித்தபோது, தம்மைப் புரிந்துகொண்ட ஒருவரை அங்கே கண்டதாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1964இல் நம்பிக்கையின் இறையியல் பற்றியும் 1972இல் சிலுவையில் அறையுண்ட கடவுள் பற்றியும் அவர் எழுதிய நூல்களுக்கு இவ்வனுபவமே அடித்தளம். அவருக்குக் கிட்டியது தாம் ஏன் பிழைத்தோம் என்பதற்கான காரணம் அன்று. உடன் துன்புறும் இறைவன் ஒருவரின் அண்மையே.

உயிர்த்தெழுந்த பின்னும் இயேசுவின் உடலில் வடுக்கள் இருந்தன என யோவான் எழுதுவது மேலும் சிந்திக்கத்தக்கது. மயிலாப்பூரோடு மரபு இணைத்துப் பேசும் தோமா, அவ்வடுக்களைக் கொண்டே தம் ஆண்டவரை அடையாளம் காண்கிறார். கிறித்தவம் கூறும் நம்பிக்கை, துன்பம் நிகழவேயில்லை என்பது போல அதன் சுவட்டை அழித்துவிடும் நம்பிக்கை அன்று. வடு இருக்கும், அதுவே முடிவாக இராது.

பொறுமைப் போதனையும் அதன் ஊறும்

இங்கு ஒரு தடை எழலாம். துன்பம் பொறுமையையும், பொறுமை பண்பட்ட உள்ளத்தையும், அது நம்பிக்கையையும் விளைவிக்கும் எனப் பவுல் உரோமருக்கு எழுதினாரன்றோ? அவ்வாறாயின் துன்பத்திற்குப் பொருள் உண்டு என்பதை மறைநூலே கூறவில்லையா? கூறுகிறது என்பதே விடை. ஆனால் அதனைக் கூறுபவர் யார் என்பதையும் நோக்குதல் வேண்டும். பவுல் அடியுண்டவர், சிறையுண்டவர். தம் துன்பத்தினுள் நின்றும், தம்மோடு துன்புறுவோரை உளப்படுத்தியும் அவர் பேசுகிறார். துன்புறாதவர் துன்புறுபவரை நோக்கி அதே தொடரைக் கூறும்போது சொல் மாறுவதில்லை, செயல் மாறிவிடுகிறது.

இதன் விளைவைத் தமிழில் மிகத் தெளிவாகக் காட்டும் நூல் பாமாவின் கருக்கு (1992). துறவற மடத்தை விட்டு வெளியேறிய தலித் கிறித்தவப் பெண்ணொருவரின் தன்வரலாறாகிய இந்நூல், பணிவும் பொறுமையும் ஒடுக்கப்பட்டோர்க்கு மட்டுமே மீண்டும் மீண்டும் போதிக்கப்பட்டதை வெளிப்படுத்துகிறது. அதே வேளையில், நீதியின் பக்கம் நிற்கும் கடவுளை விவிலியத்திலிருந்தே அது மீட்டெடுக்கிறது. பனைமட்டையின் இருபுறமும் அறுக்கும் கருக்கு இங்குப் பொருத்தமான உருவகம். துன்பம் பற்றிய போதனையும் ஒருபுறம் தளைகளை அறுக்கும். மறுபுறம் துன்புறுபவரையே அறுக்கும். 1980களில் அரவிந்த் பி. நிர்மல் முதலிய இறையியலாளர் முன்னெடுத்த தலித் இறையியலும் இக்கருத்தை வலியுறுத்தியது. சாதியால் விளையும் துன்பம் தாங்கிக்கொள்ளப்பட வேண்டிய சிலுவை அன்று. நீக்கப்பட வேண்டிய அநீதி. வதைமுகாம்களிலிருந்து மீண்ட உளமருத்துவர் விக்டர் பிராங்கல் (1905–1997) யூதராயினும் அவர் கூற்று இங்குத் துணைசெய்கிறது. பொருள் காண்பதற்குத் துன்பம் கட்டாயமன்று. தவிர்க்கத்தக்க துன்பமாயின் அதன் காரணத்தை நீக்குவதே பொருளுள்ள செயல் என்பது அவருடைய தெளிவு. பிரெஞ்சு மெய்யியலாளர் எம்மானுவேல் லெவினாஸ் (1906–1995) இன்னும் ஒரு படி மேற்சென்றார். அயலாரின் வேதனையை நியாயப்படுத்துவதே எல்லா அறப்பிறழ்வுக்கும் ஊற்று என்பதும், பிறருடைய துன்பத்திற்காக நான் படும் துன்பம் மட்டுமே பொருளுடையதாக இயலும் என்பதும் அவர் கொள்கை. யோபுவின் நண்பர்களைப் பற்றிய இறைத்தீர்ப்பை மெய்யியல் மொழியில் கூறியது போன்றே இது அமைகிறது.

நம்பிக்கை என்னும் வழித்துணை

பொருள் கூறுதல் விலக்கப்படுமாயின் துன்புறுவோர்க்குப் பிறர் செய்யத்தக்கது யாது? தமிழ்க் கிறித்தவ இலக்கியத்திலும் வாழ்விலும் இதற்கு இரு சான்றுகள் கிடைக்கின்றன.

முதலாவது, எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகம். 1894இல் வெளிவந்த இக்காப்பியத்திற்கு மூலமாயமைந்தது ஜான் பனியன் எழுதி 1678இல் வெளிவந்த உருவகக் கதை. தம் மனச்சான்றின் பொருட்டுப் பல்லாண்டு சிறையிலிருந்தவர் பனியன். அவர் கதையில், மாயச் சந்தையில் விசுவாசம் பொருந்திய தோழர் கொல்லப்படுகிறார். அவர் துன்பத்தை நேரிற் கண்ட ஊரார் ஒருவர் மனம் மாறிக் கதைத்தலைவனோடு புறப்படுகிறார். அப்புதிய தோழரின் பெயரே நம்பிக்கை. பின்னர் இருவரும் அவநம்பிக்கை என்னும் அரக்கனின் கோட்டையில் சிறைப்படுகின்றனர். தன்னுயிரை மாய்த்துக்கொள்ளுமாறு அரக்கன் தூண்டுகிறான், தலைவன் தளர்கிறான், தோழர் தடுத்துத் தாங்குகிறார். அதன் பின்னரே, தன் நெஞ்சருகே வைத்திருந்த வாக்குறுதி என்னும் திறவுகோல் தலைவனின் நினைவிற்கு வருகிறது. இக்கதையமைப்பில் நம்பிக்கை ஒரு கருத்தாக வரவில்லை. உடன் சிறைப்பட்ட ஆளாக வருகிறது. திறவுகோல் துன்புறுபவரிடமே உள்ளது. அதை அவரே கண்டெடுக்கிறார். அவர் அதைக் கண்டெடுக்கும் வரை உயிரோடிருக்கத் துணைநிற்பதே தோழரின் பணி.

இரண்டாவது, மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் (1826–1889) வாழ்வு. 1876–78 காலத்துத் தாது ஆண்டுப் பஞ்சத்தில் அவர் தம் பொருளைப் பசித்தோர்க்கு வழங்கினார் என்பதும், பஞ்சத்தின் கொடுமையை முன்னிட்டு இறைவனிடம் முறையிடும் கீர்த்தனைகளைப் பாடினார் என்பதும், அவர் கொடையைப் போற்றிக் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடினார் என்பதும் இலக்கிய வரலாறு கூறும் செய்திகள். கத்தோலிக்கராகிய அவர் பசித்தோரிடம் பஞ்சத்தின் இறையியற் காரணத்தை விளக்கிக்கொண்டிருக்கவில்லை, அவர்களுக்கு உணவளித்தார். வினாவையோ, அதற்கு விடைகூறக் கடமைப்பட்டவராகிய இறைவனிடம் எழுப்பினார். வினா மேல்நோக்கியும் சோறு அயலாரை நோக்கியும் சென்றன. இவ்விரண்டும் இடம் மாறும்போதே நாம் யோபுவின் நண்பர்களாகி விடுகிறோம்.

நிறைவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. துன்பத்தில் பொருள் காண இயலும். ஆனால் அதனைக் காணும் உரிமை துன்புறுபவருக்கே உரியது. பிறர் அதனை முந்திக்கொண்டு கூறின், அது ஆறுதலாகாமல் இளிவாகிறது. கிறித்தவம் முன்வைக்கும் நம்பிக்கை அழுகையை விலக்குவதன்று. முறையீடாக, உடனிருப்பாக, வடுவோடு கூடிய வாழ்வாக அது வெளிப்படுகிறது. நீக்கத்தக்க துன்பத்தை நீக்காமல் அதற்குப் பொருள் கற்பிப்பது சமயத்தின் பெயரால் செய்யப்படும் அநீதி.

இவற்றை ஏற்பதற்கு ஒருவர் கிறித்தவராக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆனால் கிறித்தவர்களாகிய எங்களுக்கு இவை கூடுதலான கடமையைச் சுமத்துகின்றன. ஏனெனில் ஆறுதல் கூறும் தொடர்கள் எங்களிடம் மிகுதி. அவற்றை மனப்பாடமாகவே அறிவோம். அன்று அம்மாணவியிடம் நான் கூறிய சொற்களும் என் சொற்கள் அல்ல, பழகிப்போன சொற்களே. அவருடைய தாயைப் பற்றி, அவர் எப்படிப்பட்டவர், என்ன பணி செய்தார் என்று ஒன்றையும் நான் கேட்கவில்லை. ஏழு நாள்கள் வாய் திறவாமல் தரையில் அமர்ந்திருந்த யோபுவின் நண்பர்கள், எட்டாம் நாளும் அவ்வாறே அமர்ந்திருந்தால் அவர்களைப் பற்றிய தீர்ப்பு வேறாக இருந்திருக்கும். இலக்கியம் கற்பிக்கும் நமக்குச் சொற்களின் மேல் உள்ள நம்பிக்கை இயல்பானதே. ஆயினும் சொல்லுக்கு முன் கேட்டல் வரவேண்டும் என்பதனை அந்த ஏழு நாள்கள் நமக்குக் கற்பிக்கின்றன.